இந்தோனேசியா: 1945-ஆ, 1949-ஆ?

வணக்கம் சார்,

என் மகளின் வகுப்புக் குறிப்பில் இந்தோனேசியா 1949-ல் விடுதலை பெற்றது என்று இருக்கிறது. போன கட்டுரையில் நீங்கள் 1945 என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? ஜப்பான்தான் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனது என்கிறார் நண்பர் ஒருவர்.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

1945-ல் இந்தோனேசியர்கள் விடுதலையை அறிவித்தார்கள். அவர்களை ஆண்டுவந்த டச்சுக்காரர்கள் வழிக்கு வந்தது 1949-ல்.

நண்பர் சொல்வது பாதிதான் சரி. போரின்போது நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது, ஆனால் ஆகஸ்ட் 15 அன்று அதுவே சரணடைந்துவிட்டது. விடுதலை இயக்கத் தலைவர் சுகர்ணோ தயங்கினார். இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை. ஜப்பான் போடும் பிச்சை வேண்டாம், நாமே அறிவிப்போம் என்று 16-ஆம் தேதி விடியும் முன்பே அவரையும் அவருடைய சகா ஹத்தாவையும் ஜகார்த்தாவுக்கு வெளியே ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அன்று இரவே ஊர் திரும்பி, மயேடா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் வீட்டில் உட்கார்ந்து பிரகடனத்தை எழுதினார்கள். தட்டச்சுப் பிரதியின் அடியில் இருக்கும் தேதிதான் வேடிக்கை: நாள் 17, மாதம் 8, ஆண்டு 05. அதாவது ஜப்பானிய நாட்காட்டியின் 2605! ஜப்பானே வேண்டாம் என்றவர்களின் தாளில் ஜப்பான் வருஷம்.

பிரகடனம் மொத்தமே இரண்டு வாக்கியம். ஆட்சி மாற்றம் முதலானவை கவனமாகவும் கூடிய விரைவிலும் நடக்கும் என்கிறது இரண்டாவது. அந்தக் 'கூடிய விரைவு' நான்கு வருஷம் நான்கு மாதம் இழுத்தது.

நடுவே 1947-லும் 1948-லும் டச்சுப் படை இரண்டு பெரிய தாக்குதல்கள் நடத்தியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. (ஹைதராபாத்துக்கு நாமும் இதே பெயரைத்தான் வைத்தோம்.) 1947 டிசம்பர் 9 அன்று மேற்கு ஜாவாவின் ரவகெடே கிராமத்தில் ஒரு போராளியைத் தேடி வந்த சிப்பாய்கள், ஊர்க்காரர்கள் வாய் திறக்காததால் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். இறந்தவர்கள் 431 பேர் என்பது இந்தோனேசியக் கணக்கு. டச்சு அரசுதான் பொறுப்பு என்று ஹேக் நகரின் டச்சு நீதிமன்றம் சொன்னது 2011-ல். வழக்குப் போட்ட விதவைகள் அதற்குள் தள்ளாத கிழவிகள்.

1949 டிசம்பர் 27 அன்று இறையாண்மையைக் கைமாற்றியபோது 430 கோடி கில்டர் (டச்சு நாணயம்) கடனையும் சேர்த்தே புதிய நாட்டின் தலையில் கட்டினார்கள். அதில் கணிசமான பகுதி இந்தோனேசியர்களை அடக்குவதற்குச் செலவான பணம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

1945 ஆகஸ்ட் 17-ஐ முழுமையாக ஏற்கிறோம் என்று டச்சுப் பிரதமர் ருட்டே சொன்னது 2023-ல். மகளிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு மதிப்பெண் கேள்வியில் வந்தால் மட்டும் குறிப்பில் உள்ளதையே எழுதட்டும்.