வானவில் தைலமரம்: பட்டையில் ஏன் இன்னும் நிறம் வரவில்லை?

கேள்வி: சென்னைக் கடலோரம் உத்தண்டியில் வீட்டுத் தோட்டத்தில் வானவில் யூகலிப்டஸ் நட்டு இரண்டு வருடம் ஆகிறது. மதிலுக்கு 8 அடி தள்ளி நிற்கிறது, 12 அடி உயரம். பட்டை வெறும் பழுப்பாகவே இருக்கிறது, இலை ஓரமும் கருகுகிறது. டி.ஏ.பி. உரம் 200 கிராம் வைத்தும் பலனில்லை. போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம். பட்டையை நாமே உரித்துவிட்டால் நிறம் வருமா? மதிலோரம் இன்னும் 4 கன்று வைக்கலாமா?

பதில்: பட்டையில் கை வைக்காதீர்கள். தண்டு பருக்கும்போது வெளிப்பட்டை தானே கீற்றுக் கீற்றாகக் கழன்று விழும். அடியில் இருக்கும் புதுப் பட்டை பச்சையாக இருக்கும், அது இலையில் உள்ள அதே பச்சையம். நாளாக ஆகப் பச்சையம் குறைந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேரும்போது நீலம், ஊதா, செம்மஞ்சள், கடைசியில் பழுப்பு என்று மாறிக்கொண்டே போகும். கீற்றுகள் ஒரே நாளில் கழலாததால்தான் மரத்தில் பல நிறம் தெரிகிறது. நகத்தால் உரித்தால் உயிருள்ள திசு கிழிந்து பிசின் வடியும், பூஞ்சணம் ஏறும்.

ஆக, தண்டு பருத்தால்தான் நிறம் வரும். உங்கள் மரம் பருக்கத் திணறுகிறது. அதற்குக் காரணம் உரக்குறைவு அல்ல, தண்ணீர். நியூகினி, சுலவேசி, மின்டனாவ் தீவுகளின் மழைக்காட்டு ஆற்றங்கரை மரம் இது. ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடத்தில் செழிப்பது. சென்னையில் கிடைப்பது ஏறக்குறைய 1,400 மி.மீ., அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நம் ஊர்த் தைலமரம் வறட்சி தாங்குகிறதே என்று இதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முற்றிய இலையின் நுனியிலும் ஓரத்திலும் கருகல் தொடங்கி உள்ளே நகர்ந்தால், கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பு. போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 600-க்குள் இருந்தால் கவலையில்லை. 1,200-ஐத் தாண்டினால் அதை மட்டும் நம்பி இந்த மரத்தை வளர்க்க முடியாது. டி.ஏ.பி.யும் ஓர் உப்புதான். ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைக் கொட்டினால் வேர் இன்னும் கருகும். உடனே நிறுத்துங்கள். ஆர்.ஓ. கழிவுநீரையும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, கோடையில் அதைப் பிடித்து ஊற்றுங்கள். மொட்டைமாடி மழைநீரைக் குழாய் வழியாகப் பாத்திக்குத் திருப்பினால், தங்கிய உப்பு மணலில் கீழே இறங்கிவிடும்.

தண்டைச் சுற்றி 4 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி கட்டுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் 40 லிட்டர், மாலையில். பாய்ச்சிய மறுநாள் அரை அடி தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள், ஈரம் ஒட்ட வேண்டும். காய்ந்த இலைச்சருகை 4 அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டு, தண்டை ஒட்டி அரை அடி இடைவெளி விடுங்கள். தென்னை நார்க்கழிவு போடுவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு. பருவமழை தொடங்கும்போது மக்கிய தொழுவுரம் 15 கிலோ போதும்.

இதெல்லாம் செய்தாலும் இணையப் படங்களில் பார்க்கும் நிறம் இங்கே வராது. பல படங்கள் கணினியில் நிறமேற்றியவை. பச்சையும் செம்மஞ்சளும் கீற்றாகத் தெரிந்தாலே நல்ல விளைச்சல்.

இன்னும் 4 கன்று வேண்டவே வேண்டாம். தாயகத்தில் 60 மீட்டருக்கு மேல் போகும் மரம் இது. கட்டடம், மின்கம்பி, கழிவுநீர்க் குழாயிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களை மறந்திருக்க மாட்டீர்கள். மதிலுக்கு 8 அடியில் நிற்பதை உயரமாக விடுவது ஆபத்து. வெட்டினால் நம் ஊர்த் தைலமரம் போல நம்பகமாகத் துளிர்க்கவும் செய்யாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பக்கக் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். சுவரில் விரிசல் கண்டாலோ மரம் சாயத் தொடங்கினாலோ தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

உரியும் பட்டை அழகுதான் வேண்டுமென்றால் மதிலோரத்துக்குக் கொய்யா வையுங்கள், 10 அடி இடைவெளியில். செம்பழுப்புத் தோல் உரிந்து வழவழவென்று பச்சை தெரியும். இடம் தாராளமாக இருந்தால், மதிலிலிருந்து 30 அடி தள்ளி ஒரு நீர்மருது. சாம்பலும் இளஞ்சிவப்புமாகப் பட்டை ஏடு ஏடாகக் கழலும், உவர்மண்ணையும் ஓரளவு தாங்கும்.