பப்பில் வாசிக்கும் உள்ளூர் இசைக்குழுவை எப்படிப் படமெடுப்பது?

கேள்வியின் சுருக்கம்: நான்கு பேர் கொண்ட உள்ளூர் பேண்ட் ஒன்று பப்பில் மாலை நிகழ்ச்சி நடத்துகிறது. கையில் இருப்பது கிராப் சென்சர் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சர்) கேமரா, அதோடு வரும் 18-55 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்). இருட்டுக்கு என்ன செட்டிங், எங்கே நிற்பது, எத்தனை மணிக்குப் போவது?

இருக்கிற கருவியே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இருட்டு இன்றைக்குப் பெரிய சிக்கல் இல்லை; ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) 6400-க்கு ஏற்றி எடுத்த ரா ஃபைலைச் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சுத்தம் செய்ய நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. பப் படங்களைக் கெடுப்பது எல்இடி விளக்குகளின் நிறம். முகம் முழுக்க ரத்தச் சிவப்பாகவோ கருநீலமாகவோ அப்பிப்போய், கண் எது மூக்கு எது என்றே தெரியாமல் வருவதற்குக் காரணம் அதுதான். அதைச் சரிசெய்யும் நேரம் நிகழ்ச்சிக்கு முன்னால் இருக்கிறது. அதனால் முதல் பதில்: சவுண்ட் செக் தொடங்கும்போதே அங்கே இருங்கள்.

சவுண்ட் செக்கின்போது கூட்டம் இருக்காது, பப்பின் சாதாரண விளக்குகளும் எரியும். பெடல் போர்டு, ஒயர் சுற்றும் கைகள், டிரம்ஸைப் பூட்டும் டிரம்மர் போன்ற படங்களை அப்போதுதான் எடுக்க முடியும். இரவில் மேடைக்கு மிக அருகே போய் இதையெல்லாம் எடுக்க இடமிருக்காது. பாடல் பட்டியலையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில் கிட்டார் சோலோ, எதில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள், கடைசிப் பாட்டு எது என்று கேட்டு வைத்தால், சரியான நேரத்தில் சரியான பக்கம் நிற்கலாம்.

அடுத்து விளக்கு. சிறிய பப்களில் பெரும்பாலும் நாலைந்து எல்இடி பார் (PAR) எனும் மேடை விளக்குகள்தான் இருக்கும். அவையும் சத்தத்துக்கேற்பத் தானாக நிறம் மாறும் முறையில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கின் பின்புறம் சிறிய திரையும் பட்டன்களும் இருக்கும். விளக்குக்குப் பொறுப்பானவரிடம் இரண்டே கோரிக்கை வையுங்கள். ஒன்று, தானாக மாறுவதை நிறுத்தி நிலையான நிறமாகவோ மெதுவாக மாறும்படியோ வைப்பது. இரண்டு, பாடகர் முகத்தில் விழும் முன்விளக்கு ஒன்றை மட்டும் வெள்ளை அல்லது இளமஞ்சள் கலந்து வைப்பது. பின்விளக்குகள் சிவப்பு, நீலம், ஊதா எதுவானாலும் இருக்கட்டும், அழகாகவே இருக்கும். எந்த லென்ஸ் மாற்றமும் இந்த ஒரு விளக்கு மாற்றம் தரும் பலனைத் தராது.

அவர்கள் மறுத்துவிட்டால் நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். சென்சரில் சிவப்பைப் பதிவது நான்கில் ஒரு பங்கு புள்ளிகள், நீலத்தைப் பதிவதும் நான்கில் ஒரு பங்கு. மீதிப் பாதி பச்சைக்கு. தனிச் சிவப்பு ஒளியில் சிவப்புப் புள்ளிகள் நிரம்பி வழிய, மற்றவை கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். ஒளியளக்கும் மீட்டரும், வெளிச்சப் பரவலைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடமும் மொத்த வெளிச்சத்தைப் பார்த்து 'இன்னும் இடம் இருக்கிறது' என்று சொல்லும். அதற்குள் சிவப்பு வெடித்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டினால் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). கேமராவின் பட ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள். விவிட் போன்ற ஸ்டைலில் இருந்தால் அந்த ஹிஸ்டோகிராம் நிலைமையை இன்னும் மோசமாகக் காட்டும்.

சிவப்பில் எடுத்த முகத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் தோல் வழவழவென்று நன்றாக வரும். நீலத்தில் அப்படி நடக்காது. தோல் நீல ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். மச்சம், தழும்பு, பரு எல்லாம் கூடுதலாகத் தெரியும், இரைச்சலும் (படத்தில் தெரியும் புள்ளிப் பொரிவு) கூடும். நீலம் எரியும் நேரத்தில் முகத்தைத் துரத்தாமல், பின்விளக்கை வைத்து நிழலுருவப் படங்கள் எடுப்பது நல்லது.

எல்இடியின் இன்னொரு தொல்லை, படத்தில் விழும் பட்டைகள். இந்த விளக்குகள் மிக வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வரிவரியாகப் படிக்கும் சென்சருக்குத் தெரியும். சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், படம் முழுக்கக் கிடைக்கோடுகள் விழுந்து திருத்தவே முடியாமல் போகலாம். சாதாரண கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள்; பேண்ட் வாசிக்கும்போது அந்த 'கிளிக்' யாருக்கும் கேட்காது. சவுண்ட் செக்கின்போது வண்ண விளக்கு விழும் வெறுஞ்சுவரை 1/125, 1/250, 1/500 நொடி என்று மூன்று ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த வேகத்தில் பட்டை தொடங்குகிறதோ, அதற்குக் கீழேயே அன்றைய வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் சாதாரண குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அங்கே 1/100 அல்லது 1/50 பாதுகாப்பு. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125 அல்லது 1/60.

இப்போது எண்கள். முழு மேனுவல், ரா, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) 3800 கெல்வினுக்கு அருகில் நிலையாக. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்து, எடிட்டிங்கில் உயிரை வாங்கும். தொடக்கம் எஃப் 2, 1/160, ஐஎஸ்ஓ 3200. ஒரு படம் எடுத்துப் பாடகரின் கன்னத்தை மட்டும் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓ 6400. பின்னணி கறுத்துக் கிடப்பதால் ஆட்டோ எக்ஸ்போஷர் முகத்தை வெளுத்துவிடும். அதனால்தான் மேனுவல். விளக்கு கூடிக் குறைந்தாலும் உச்ச வெளிச்சத்துக்கு அளந்து வைத்துவிட்டு, முகத்தில் ஒளி ஏறும்போது அழுத்துங்கள்.

ஷட்டர் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். நின்று பாடுபவருக்கு 1/125. நீண்ட சுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு நொடியில் முகம் அசையாது. 1/80 கூடப் போதும், மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் மிச்சம். கிட்டார்காரர் ஆடுபவர் என்றால் 1/200. டிரம்மருக்கு 1/250: முகமும் தோளும் கூர்மையாக நிற்கும், குச்சி லேசாகக் கலங்கும், அது அழகுதான். குச்சியையும் உறைய வைக்க 1/1000 வேண்டியிருக்கும். அந்த வெளிச்சத்தில் அது நடக்கிற காரியமில்லை. கேமராவிலோ லென்ஸிலோ உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பாடுபவரின் அசைவை அல்ல. கலங்கிய படத்தைவிட இரைச்சலான படம் மேல்; தயங்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

கிட் லென்ஸ் 55 மி.மீ.-இல் எஃப் 5.6. உங்கள் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆகவே மாலையின் பெரும்பகுதி 50-தான். கிராப் சென்சரில் அது 75 முதல் 80 மி.மீ. போலத் தெரியும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் இடுப்புக்கு மேல் உருவம் நன்றாக நிறையும். எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் 11, 12 செ.மீ. மட்டுமே. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முகம் தாங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கிட்டார் தலை தாங்காது. கிட் லென்ஸை 18-இல் வைத்து எஃப் 3.5, 1/60, ஐஎஸ்ஓ 6400 என்று முழு மேடையையும் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள். நடுவில் லென்ஸ் மாற்றுவதைப் பாடல்களுக்கு இடையில், மேசைக்குத் தள்ளி நின்று செய்யுங்கள். பீர் சிந்தும் இடம் அது.

லென்ஸ் முன்னால் யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். இருட்டுப் பின்னணியில் விளக்கு நேராக விழும்போது பச்சைப் பொட்டுகளாகப் பிரதிபலிப்பு விழுவது பெரும்பாலும் அதனால்தான். ஹூட் இருக்கட்டும், இடிபடாமல் காக்கும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் கேமராவைப் பையிலேயே கால் மணி, இருபது நிமிடம் விட்டுவையுங்கள். இல்லையென்றால் கண்ணாடியில் பனி படியும். மேடையில் லேசர் இருந்தால் அதன் கதிர் லென்ஸுக்குள் நேராக விழ விடாதீர்கள், சென்சர் புள்ளிகள் நிரந்தரமாகக் கருகிவிடலாம்.

ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி, தொடர் ஃபோகஸ். முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி நன்றாக வேலை செய்யும், மைக் குறுக்கே வரும் வரை. பிறகு அது மைக்கின் கம்பி வலையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியை மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலோ புருவத்திலோ வையுங்கள். டிரம்மர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஒருமுறை கண்ணில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட்டால், சிம்பலின் பளபளப்பு கேமராவை இழுக்காது. ஃபோகஸ் உதவி விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள். வாசிப்பவர் கண்ணில் அது அடிப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

எங்கே நிற்பது? பாடகருக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம். மைக் வாயை விழுங்கிவிடும். 30 முதல் 45 டிகிரி பக்கவாட்டில், மைக் பிடிக்காத கைப்பக்கம் நில்லுங்கள். வரி முடிந்து மைக்கிலிருந்து தலை விலகும் அந்த அரை நொடிதான் படம். வலக்கைக் கிட்டார்காரரின் கிட்டார் கழுத்து, பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் வலப்புறம் நீட்டியிருக்கும். வலப்புறம் நின்றால் கழுத்து உங்களை நோக்கி வரும், இடக்கை விரல்கள் பெரிதாகத் தெரியும். இடப்புறம் நின்றால் மீட்டும் கை கிடைக்கும். இரண்டு பக்கமும் எடுங்கள். டிரம்மரை நேரே பார்த்தால் சிம்பல் ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் ஒரு நெற்றி மட்டுமே தெரியும். மேடை ஓரத்துக்குப் போய், இரண்டு சிம்பலுக்கு நடுவே முகம் வரும் இடைவெளியைத் தேடி, அங்கேயே ஒரு முழுப் பாட்டுக்கும் காத்திருங்கள். கை உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அது நின்றுபோகும், அப்போது அழுத்துங்கள்.

பாட்டைக் கேட்டுக்கொண்டே எடுப்பவருக்கு இதில் பெரிய சாதகம் உண்டு. பல்லவி திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை யார் எங்கே நகர்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கவனித்தால், அடுத்த தடவை நீங்கள் அங்கே தயாராக நிற்கலாம். மூன்று நான்கு ஃபிரேம்கள் கொண்ட குட்டி பர்ஸ்ட் போதும். கண் மூடியிருந்தால் பரவாயில்லை. வாய் பாதி மூடிய நிலைதான் யாருக்கும் அழகாக வராது. பின்னணியையும் பாருங்கள்: பப்பில் டிவி, பச்சை எக்ஸிட் பலகை, ஒளிரும் மதுபானப் பெயர்ப்பலகை என்று ஏதாவது ஒன்று தலைக்குப் பின்னால் முளைத்திருக்கும். அரை அடி நகர்ந்தால் பாடகரின் தலையே அதை மறைத்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். பேண்டும் பப்பும் அனுமதித்தால்கூட, பப்பின் கூரை மரமாகவோ கறுப்புச் சாயமாகவோ இருந்தால் ஒளியைக் கூரையில் பட்டுத் திரும்ப வைத்தும் (பவுன்ஸ்) பயனில்லை. அனுமதியைப் பேண்டிடம் மட்டும் வாங்கினால் போதாது, பப் மேலாளரிடமும் முன்பே பேசிவையுங்கள். குடிக்க வந்தவர்களின் முகத்தை நெருங்கி எடுக்க வேண்டாம். பின்புறத்திலிருந்து, தூக்கிய கைகளும் தலைகளும் நிழலாகத் தெரிந்தால் போதும். கேமரா திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், ஒரே ஆள் முன்னால் இரண்டு பாட்டுக்கு மேல் நிற்காதீர்கள்.

காதடைப்பான் கட்டாயம். ஒலிபெருக்கிக்கு அருகில் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு, 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100-க்குக் கணக்கிட்டால் 15 நிமிடம்தான்.

எடிட்டிங்கில் முதலில் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழியுங்கள். 600 படம் எடுத்திருந்தால் 30, 40 கொடுத்தால் போதும். பேஸ் கிட்டார்காரருக்கும் டிரம்மருக்கும் ஆளுக்கு மூன்று நல்ல படமாவது இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் விட்டுப்போகிறவர்கள் அவர்கள்தான். முகம் வெளுக்காமல் எக்ஸ்போஷரை ஏற்றி, பின்னணிக் கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள். நிழலைத் தூக்கினால் இரைச்சலும் ஊதாப் படிவும் மேலே வரும். நிறம் அப்பிய படங்களில் முதலில் கேமரா புரொஃபைலை நியூட்ரலாக்கி, பிறகு அந்த ஒரு நிறத்தின் செறிவை மட்டும் இறக்குங்கள். எல்லா நிறத்தையும் சேர்த்து இறக்கினால் முகம் சாம்பல் பூசியது போலாகும்.

சமூக வலைத்தளத்துக்கு நீளப்பக்கம் 2048 பிக்சல். போஸ்டருக்குக் கேட்டால் கணக்கு வேறு: ஏ3 தாளை 300 டிபிஐயில் அச்சிட 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் நெட்டுப்படம் 4000-க்கு 6000, அதாவது வெட்டுவதற்கு அதிக இடமில்லை. பாடகரை நெட்டுவாக்கில், தலைக்கு மேல் எழுத்து வைக்கக் கறுப்பு இடம் விட்டு, நாலைந்து படமாவது அன்றைக்கே எடுத்து வையுங்கள். பெயர் போட வேண்டுமா, போஸ்டருக்கும் விற்பனைச் சட்டைக்கும் பயன்படுத்தலாமா என்பதை, படங்களை அனுப்புவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள்.