கதவைத் திறந்து வைத்துப் பிளான் போடுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக்குள் எதை எங்கே வைப்பது என்று கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓர் அளவுகூட இல்லை. ‘ஹால் சின்னதுதான்’, ‘கிச்சன் ஓரளவு பெரிசு’ என்றால் நான் என்னத்தைச் சொல்வது? அளவு எழுதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறேன்.

படுக்கையறை 10க்கு 11 அடி. குயின் சைஸ் கட்டில், வாட்ரோப், படிக்கும் மேஜை மூன்றும் வருமா?

இரண்டு வரும். கட்டிலின் தலைமாட்டை 11 அடிச் சுவரோடு வையுங்கள். வாட்ரோப் பக்கத்து 10 அடிச் சுவருக்குப் போகட்டும். வாட்ரோப் ஆழம் 2 அடி, கட்டில் அகலம் 5 அடி போனால் 4 அடி மிச்சம். வாட்ரோப் பக்கம் இரண்டரை, மறுபக்கம் ஒன்றரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கால்மாட்டில் 3 அடி நடைபாதை கிடைக்கும். மேஜையை வேறு அறைக்கு அனுப்புங்கள். அறைக் கதவு எந்த மூலையில், எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது வாட்ரோப் மேல் இடிக்கும் என்றால் நான் சொன்ன அத்தனையும் மாறும். பிளானில் எல்லாக் கதவையும் திறந்த நிலையில் வரையுங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்றும் இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

கிச்சன் அகலம் வெறும் ஆறரை அடி. சுவரை இடித்துப் பெரிதாக்கலாமா?

எதற்கு? 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன் சுமார் 1.9க்கு 3.4 மீட்டர்தான். அதாவது உங்களுடையதைவிடக் கொஞ்சம் ஒடுக்கம். திரும்பினால் கைக்கு எட்ட வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. நீங்கள் செய்யக்கூடாதது, இரண்டு பக்கமும் 2 அடிக் கவுன்டர் போடுவது. நடுவில் இரண்டரை அடிதான் மிஞ்சும். அலமாரிக் கதவைத் திறந்துவிட்டுக் குனிய இடம் இருக்காது. ஒரு பக்கம் முழுக் கவுன்டர், எதிரே ஓர் அடி ஆழத்துக்கு அலமாரி. நடுவில் மூன்றரை அடி. ஒருவர் வேலை செய்ய அது தாராளம்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் முக்கோண விதி இன்னும் செல்லுமா?

செல்லும், ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டில். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் மூன்று பக்கமும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள், ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள். இரண்டு பேர் சேர்ந்து சமைத்தால் முக்கோணத்தைவிட நடைபாதைதான் முக்கியம், 4 அடியாவது வேண்டும். இரண்டு வகை வீட்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன்: சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 3 அடி காலிக் கவுன்டர் விடுங்கள். நறுக்குவது, கலப்பது, இறக்கி வைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அந்த இடத்தில் மைக்ரோவேவைக் கொண்டுபோய் வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிச்சனில் அரை மணி நேரம் நின்றாலே முதுகு வலிக்கிறது. கவுன்டர் உயரம் காரணமா?

இருக்கலாம். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே கவுன்டர் இருக்க வேண்டும். எல்லாரும் போடும் 36 அங்குலம் உங்களுக்கென்று அளந்தது அல்ல. சிங்கைக் கொஞ்சம் உயர்த்தலாம். கை வேலை செய்வது அதன் அடிமட்டத்தில்.

டிசைனர் கணினியில் வரைந்து காட்டிய 3டி படம் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டோம். படத்தில் அறை விசாலமாக இருந்தது. இப்போது வாட்ரோப் கதவு கட்டிலில் இடிக்கிறது. இடைவெளி 20 அங்குலம், கதவு அகலம் 2 அடி. யார் தவறு?

வாருங்கள். இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தார்கள் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அறைக்கு வெளியே. மென்பொருளில் கேமராவைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, இடையில் இருக்கும் சுவரை மறைத்துவிடலாம். உண்மையில் எந்த மனிதரும் நிற்க முடியாத இடம் அது. அதோடு அகலக் கோண லென்ஸ் அமைப்பு வேறு. பத்தடி அறை பதினாறு அடி போலத் தெரியும். சிலர் கட்டிலையே கொஞ்சம் சுருக்கிப் போடுவதும் உண்டு. அப்புறம், அந்தப் படங்களில் ஆள் இருக்க மாட்டார். ஒரு டிராயர்கூடத் திறந்திருக்காது. கதவெல்லாம் சாத்தியே இருக்கும். பூச்சாடி மட்டும் இருக்கும்! திறக்காத வாட்ரோப் எதிலும் இடிக்காதுதான்.

3டி படம் நிறம் பார்ப்பதற்கு. இடம் பார்ப்பதற்கு, மேலிருந்து பார்க்கும் சாதாரணத் தரைப் பிளான், அளவுகள் எழுதப்பட்டது. அதில் பொருள்களின் அளவு மட்டும் போதாது, பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் அளவும் வேண்டும். வீட்டில் நடப்பது இடைவெளியில்தானே. அதைக் கொடுக்க மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பிளானில் உள்ள அளவு பூச்சுக்கு முந்தியதாக இருக்கலாம். பூச்சு, டைல்ஸ் முடிந்ததும் ஓர் அங்குலமாவது குறையும். முடிந்த சுவரிலிருந்து முடிந்த சுவருக்கு நீங்களே டேப் பிடியுங்கள். கட்டிலும் வாட்ரோப்பும் வரும் இடத்தைத் தரையில் ஒட்டும் டேப்பால் கோடு போட்டு, கதவு திறக்கும் வளைவையும் போட்டு, நடுவில் நடந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். கட்டிலின் மறுபக்கம் 30 அங்குலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிலை அந்தப் பக்கம் 6 அங்குலம் நகர்த்துங்கள். இங்கே 26, அங்கே 24. கதவு திறக்கும். ஸ்லைடிங் கதவாக மாற்றச் சொல்வார்கள், உடனே தலையாட்டாதீர்கள். அதற்கு வாட்ரோப் ஆழம் மூன்று அங்குலமாவது கூடும், இருக்கிற இடைவெளியும் குறைந்துவிடும். நகர்த்த முடியாவிட்டால் ஒவ்வொரு கதவையும் ஓர் அடிக் கதவு இரண்டாகப் பிரித்து, நடுவில் கீல் பிடிக்க ஒரு தடுப்புப் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். யார் தவறு என்று கேட்டீர்கள். வரைந்தவர் தவறு பாதி. அளக்காமல் கையெழுத்துப் போட்டது மீதி.

வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கும் பெரியவர் இருக்கிறார். எதை மாற்ற வேண்டும்?

முதலில் பாத்ரூம் கதவு. திறந்தபின் கிடைக்கும் வழி 32 அங்குலம் இருக்கட்டும். இரண்டரை அடிக் கதவில் அது கிடைக்காது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். டாய்லெட் அருகே 33 முதல் 36 அங்குல உயரத்தில் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் பாரம் தாங்கும்படி சுவரில் பதித்ததாக இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை 3 அடி வழி, நடுவே கால்மிதியோ வாசல்படியோ இல்லாமல். நாளைக்கு வீல்சேர் வரலாம் என்றால் திரும்புவதற்கு 5 அடி வட்டம் எங்கே கிடைக்கும் என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

ஓப்பன் கிச்சன் நல்லதா?

புகையும் சத்தமும் ஹாலுக்கு வந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு நல்லது.

எல் வடிவ சோஃபா வாங்கிவிட்டோம். அடுத்த வாரம் வருகிறது. ஹாலில் எங்கே போடுவது?

ஹால் அளவு? சோஃபா அளவு? கதவுகள்? வாங்கிய பிறகு கேட்கிற கேள்வியா இது? சரி, இன்றே செய்ய வேண்டியது: வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் மூன்றையும் அளந்து சோஃபா உள்ளே வருமா என்று பாருங்கள். வந்தால், டீப்பாய்க்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒன்றரை அடி, ஆள் நடக்கும் வழிக்கு 3 அடி விடுங்கள். பால்கனிக் கதவு திறக்கும் பாதையில் போட்டுவிடாதீர்கள்.

ஆறு பேர் சாப்பிட எவ்வளவு இடம்?

ஒருவருக்கு 2 அடி. ஆகவே 6க்கு 3 மேஜை. சுற்றிலும் 3 அடி. மொத்தம் 12க்கு 9.

எலக்ட்ரீஷியன் நாளை வருகிறார். எத்தனை பிளக் பாயின்ட் சொல்வது?

நாளை வரச் சொல்லாதீர்கள். கட்டில், டிவி, மேஜை எங்கே என்று முடிவான பிறகு வரட்டும். கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கவுன்டரில் 4 அடிக்கு ஒன்று, படுத்தபடியே விளக்கை அணைக்க டூ-வே ஸ்விட்ச், அதாவது ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது. திறந்த கதவுக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம்.