வாசகர் கேள்வி–பதில்: பள்ளி நேரத்தில் ஓடியாட

இந்த மாதம் மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகள்.

கேள்வி: சிறிய பள்ளி என்பதால் 4, 5ஆம் ஆண்டு மாணவர்கள் 24 பேரையும் ஒன்றாகத் திடலுக்கு அழைத்துப் போகிறேன். ஒரு மணி நேரம் இருந்தும் பாதிப் பேருக்கு வியர்ப்பதே இல்லை. பந்து நான்குதான் இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஆசிரியை, பகாவ்)

பதில்: டீச்சர், அடுத்த உடற்கல்வி வேளையில் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கடிகாரத்தோடு கவனியுங்கள். உடைமாற்ற 10 நிமிடம், திடலுக்குப் போய் வரிசை கட்ட 5, விளக்கம் கேட்க 5, திரும்பி வந்து கைகால் கழுவி உடைமாற்ற 10. எஞ்சுவது அரை மணி. அதில் 24 பேரும் ஒரே வரிசையில் நின்று, ஆளுக்கு 10 விநாடி பந்தை உருட்டிக்கொண்டு ஓடினால் ஒரு சுற்றுக்கே 4 நிமிடம் ஆகும். அரை மணியில் ஏழு சுற்று. அந்தப் பிள்ளை ஓடியது 70 விநாடி. பந்து குறைவாக இருப்பதைவிட வரிசை நீளமாக இருப்பதுதான் இங்கே சிக்கல்.

நான்கு பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரியுங்கள். திடலில் ஆறு இடம். ஒவ்வோர் இடத்திலும் 90 விநாடி வேலை, 30 விநாடியில் அடுத்த இடம். ஒரு சுற்று 12 நிமிடம். இரண்டு சுற்று ஓடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 நிமிடம் அசைவு கிடைக்கும். பந்து இரண்டு இடங்களுக்குப் போதும், இடத்துக்கு இரண்டு. மற்ற நான்கு: கயிறு தாண்டுதல், 10 மீட்டர் இடைவெளியில் சிரட்டை எடுத்து வைக்கும் ஓட்டம், மணல் நிரப்பிய அரை லிட்டர் போத்தலைத் தலைக்குமேல் தூக்கி இறக்குதல், நொண்டி. ரப்பர் பேண்டுகளை மும்மூன்றாகக் கோத்தால் தாண்டுகயிறு தயார். ஒற்றையாகக் கோத்தால் ஒரே வாரத்தில் அறுந்து கண்ணில் தெறிக்கும்.

முதல் இரண்டு வாரம் குழப்பமாகத்தான் இருக்கும். குழுவை அன்றன்று திடலில் பிரித்தால் 5 நிமிடம் வீண். வகுப்பறையிலேயே பிரித்து, ஒரு மாதத்துக்கு மாற்றாமல் வையுங்கள். 4ஆம் ஆண்டுப் பிள்ளை இருவர், 5ஆம் ஆண்டுப் பிள்ளை இருவர் என்று கலந்தால் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறோம். தோற்றவரை உட்காரவைக்கும் ஆட்டங்களை விட்டுவிடுங்கள். மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் பிடிபடும். அதிகம் ஓடவேண்டிய அந்தப் பிள்ளையே அதிக நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். பிடிபட்டவர் வேலிக் கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்து ஆட்டத்தில் சேரட்டும். நம் கிளித்தட்டு போன்ற காலா பாஞ்சாங் ஆட்டத்தையும் ஒரே தளத்தில் 24 பேருக்கு நடத்தாமல், நாலுக்கு நாலாக மூன்று தளம் கீறுங்கள். பூப்பந்துத் தள அளவு (13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர்) சரியாக இருக்கும்.

கேள்வி: மகன் 4ஆம் ஆண்டு. செகாக் எனும் பள்ளி உடற்தகுதிச் சோதனையில் பெஞ்சு ஏறி இறங்கிவிட்டு இரண்டு நாள் கெண்டைக்கால் வலி என்று நடக்கவே சிரமப்பட்டான். அவனுக்கு உடம்பில் ஏதும் கோளாறா? (தாய், தோட்டக் குடியிருப்பு)

பதில்: பழக்கமில்லாத வேலை செய்த தசை ஓரிரு நாள் வலிப்பது இயல்பு, அம்மா. மூட்டு வீங்கினாலோ, நான்காம் நாளும் நொண்டினாலோ மருத்துவரிடம் போங்கள்.

அந்தச் சோதனை 30 சென்டிமீட்டர் பெஞ்சில், நிமிடத்துக்கு 96 தட்டு என்ற தாளத்தில் 3 நிமிடம் நடக்கும். மேல், மேல், கீழ், கீழ் என நான்கு தட்டுக்கு ஒரு முறை. அதாவது நிமிடத்துக்கு 24, மொத்தம் 72 முறை. ஆண்டுக்கு இருமுறை மட்டும் திடீரென்று இதைச் செய்யும் கால் வலிக்காமல் என்ன செய்யும்?

நான்கு வாரம் முன்பே, வாரம் மூன்று நாள் வீட்டில் பழக்குங்கள். முதல் வாரம் வாசற்படியில் 1 நிமிடம் ஏறி இறங்கி, 1 நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று தடவை. இரண்டாம் வாரம் அதே படியில் ஒன்றரை நிமிடம், இரண்டு தடவை. மூன்றாம் வாரம் சுவரை ஒட்டிப் போட்ட மரப் பெஞ்சில் 2 நிமிடம். நான்காம் வாரம் முழு 3 நிமிடம். பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கும். கைப்பேசியில் தாளக்கருவிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது, 96 வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கிறது. குதிகால் பெஞ்சுக்கு வெளியே தொங்க, நுனிக்காலால் ஏறுவது ஒன்று. கெண்டைக்கால் வலிக்கு முதல் காரணம் அதுவே. முழுப் பாதமும் பலகையில் பதியவேண்டும். மற்றொன்று, கடைசிவரை ஒரே காலை முதலில் வைப்பது. ஒவ்வொரு நிமிடமும் காலை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை, புகைமூட்டம், வெயில் என்று பாதி நாள் உடற்கல்வி நடப்பதில்லை. மண்டபமும் இல்லை. (பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்)

பதில்: காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே விளையாடக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகட்டும். திடலோரச் செம்பனை அடியில் ஒதுங்குவது ஆபத்து. மழைவிட்ட திடலில் வெறுங்காலோடு விடாதீர்கள்; காலில் சிராய்ப்பு இருந்தால் தேங்கிய நீர் வழியாக எலிச் சிறுநீர்க் காய்ச்சல் தொற்றலாம்.

வெயில் வேறு கதை. அது நேரத்தைப் பொறுத்தது. தலைமையாசிரியரிடம் பேசி உடற்கல்வியை 9 மணிக்கு முன் வைக்கக் கேளுங்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளை விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்கவேண்டும். சிராப் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்.

மற்ற நாளில் வகுப்பறையே திடல். மேசைகளை நகர்த்தாமல், நாற்காலியை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு 5 நிமிடம். தமிழ்ப் பாடத்தோடு சேர்த்தே செய்யலாம்: ஆசிரியர் ஓர் எழுத்து சொல்ல, வல்லினமானால் (க, ச, ட, த, ப, ற) உட்கார்ந்து எழு, மெல்லினமானால் நுனிக்காலில் உயர்ந்து கையை வானுக்கு நீட்டு, இடையினமானால் நின்ற இடத்தில் நான்கு ஓட்ட அடி. ஆறெழுத்துக்குள் மூச்சு வாங்கும். ‘ற’வா ‘ர’வா என்ற குழப்பமும் முழங்காலோடு சேர்ந்து தீரும். மாடி வகுப்பென்றால் ஓட்ட அடிக்குப் பதிலாக இடுப்பைத் திருப்பச் சொல்லுங்கள். கீழ் வகுப்புக்குச் சத்தம் போகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடற்பயிற்சி வேண்டும் என்று சொன்னது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பாடத்துக்கு நடுவே மூன்று முறை 5 நிமிடம் என்றால் கால் பங்கு வந்துவிட்டது.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. உடற்கல்வி வேளையில் ஓரமாக உட்காரவைக்கிறார்கள். (தந்தை)

பதில்: ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் விளையாடலாம், விளையாடவும் வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் விளையாட்டுக்கு 10 முதல் 15 நிமிடம் முன் நீல நிற இன்ஹேலர் குழலை இழுக்கட்டும். 10 நிமிடம் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிய பிறகு ஓடட்டும். ஓடும்போதைவிட ஓடி நின்ற சில நிமிடங்களில்தான் மூச்சிறைப்பு அதிகம் வரும். ஆகவே ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைத் தனியே கழிவறைக்கு அனுப்பக் கூடாது. குழல் வகுப்பறைப் பையில் இருந்தால் பயனில்லை, ஆசிரியர் கையோடு திடலுக்கு வரவேண்டும். வாரம் இருமுறைக்கு மேல் குழல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே உட்காரவைக்கிறார்கள். கேட்கலாமா? (பாட்டி)

பதில்: கேளுங்கள் பாட்டி, தாழ்மையாகவே கேளுங்கள். ஓய்வு நேரத்தைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2013இல் சொல்லியிருக்கிறது. அசையாமல் உட்கார்ந்த பிள்ளைக்கு அடுத்த பாடத்தில் கவனம் இன்னும் சிதறும். வீட்டுப்பாடத்தைப் பள்ளி முடிந்து வேன் வரும்வரை உள்ள நேரத்தில் எழுதவைக்கும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். பேரன் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நேரத்தைத் தொலைக்காமலிருக்க, உணவை வீட்டிலேயே கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.