ஓல்டு ஃபேஷன்ட் விஸ்கி காக்டெய்ல்ல சர்க்கரை அடியில தங்குதா?

அப்பா அம்மாவோட கல்யாண நாளுக்கு ஏற்காட்டு வீட்டுல ஒத்திகை பாத்தேன், சர்க்கரை அடியில நிக்குது, மேல தண்ணியாட்டம் இருக்கு, பிட்டர்ஸும் (சொட்டுக் கணக்குல விடுற கசப்புச் சாறு) கிடைக்கலைன்னு எழுதியிருந்தீங்க.

தப்பு விஸ்கியில இல்ல சகோ. சர்க்கரை ஆல்கஹால்ல லேசுல கரையாது, அந்தக் குளிருல கேக்கவே வேணாம். சர்க்கரையும் தண்ணியும் சம அளவு அடுப்புல வெச்சு, கரைஞ்சதும் இறக்கிடுங்க. கம்பிப் பதம் வரை விட்டா அது மைசூர்பாக்கு! ஆறின பாகு ஒரு டீஸ்பூன், விஸ்கி 60 மில்லி போதும்.

தண்ணியானதுக்குக் காரணம் பொடி ஐஸ். சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல தண்ணி ஊத்தி முந்தின ராத்திரியே ஃப்ரீசர்ல வைங்க. ஒரே கட்டியா இருந்தா மெதுவாத்தான் உருகும். அரை நிமிஷம் ஸ்பூனால கலக்குங்க, குலுக்க வேணாம்.

1806-லயே நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒண்ணு, காக்டெய்லுன்னா மது, சர்க்கரை, தண்ணி, பிட்டர்ஸ்னு எழுதிடுச்சு. அங்கோஸ்டுரா பிராண்டு பிட்டர்ஸ் கிடைச்சா ரெண்டு உதறு. இல்லையா, எஸ்டேட் காப்பியில கெட்டி டிகாஷன் அரை டீஸ்பூன் விடுங்க. அசல் ருசி வராது, ஆனா எனக்கு இதுவே பிடிக்கும்.

கடைசியா கமலா ஆரஞ்சுத் தோல். வெளிப்பக்கம் டம்ளரைப் பாத்த மாதிரி மடிச்சு நசுக்கினா, பனித்துளியாட்டம் எண்ணெய் தெறிக்கும். வாசனையே அதுலதான்.

சேலத்துலேர்ந்து வர்றவங்களுக்கு ராத்திரி தங்க பாய் தலகாணி எடுத்து வைங்க, இறங்குறப்ப 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு.