‘அன்’னா, ‘இன்’னா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும், பிளஸ் டூ தகுதிக்கான சிஎச்எஸ்எல் தேர்வுக்குத் தயாராகிறேன். ஆங்கில எதிர்ச்சொல்லுக்கு முன்னால் அன், இன், டிஸ் இவற்றில் எது வரும் என்பது பிடிபடவே இல்லை. அண்ணா நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் ‘ப்ரீஃபிக்ஸ் ஷார்ட்கட்’ தனி வகுப்புக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: சேர வேண்டாம். அங்கே விற்கும் ஷார்ட்கட் இவ்வளவுதான்: சொல் எல்-லில் தொடங்கினால் இல், ஆர் என்றால் இர், எம் அல்லது பி (‘பென்’னில் வரும் பி, பந்து என்ற பொருளுள்ள ‘பால்’-இல் வரும் பி இரண்டும்) என்றால் இம். லீகல், இல்லீகல். ரெகுலர், இர்ரெகுலர். பாசிபிள், இம்பாசிபிள். மீதிப் பணத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு தருவார்கள்.

அந்த ஷார்ட்கட்டை அப்படியே நம்பினால் பாப்புலர் என்ற சொல்லை இம்பாப்புலர் ஆக்குவீர்கள், சரியானது அன்பாப்புலர். லக்கி அன்லக்கிதான், ரிலையபிள் அன்ரிலையபிள்தான். காரணம் எளிது. இல், இர், இம் மூன்றும் தனி முன்னொட்டுகள் இல்லை, இன் என்பதன் மாற்று உருவங்கள். முதலில் அன்னா இன்னா என்று முடிவு செய்யவேண்டும். இன் என்று முடிவான பிறகுதான் முதல் எழுத்தைப் பார்த்து உருவம் மாறும். இந்த வரிசையைச் சொல்லித்தராமல் வெறும் எழுத்துக் கணக்கை மட்டும் சொல்வதுதான் தொல்லை.

முடிவு செய்ய, சொல்லின் வாலைப் பாருங்கள். இ-டி, ஐ-என்-ஜி என்று முடிந்தால் பெரும்பாலும் அன்: அன்எம்ப்ளாய்டு, அன்எண்டிங். ஐ-பி-எல்-இ என்று முடிந்தால் பெரும்பாலும் இன் குடும்பம்: இன்விசிபிள், இர்ரெஸ்பான்சிபிள். ஏ-பி-எல்-இ இரண்டு பக்கமும் போகும் (அன்பேரபிள், ஆனால் இன்கியூரபிள்), அதற்கு அகராதியே கதி. ஹேப்பி, கைண்டு, ஃபேர் போன்ற அன்றாடச் சின்னச் சொற்கள் அன் பக்கம். மிஸ் என்பது ‘இல்லை’ அல்ல, ‘தவறாக’. டிஸ் பெரும்பாலும் வினையோடு வரும்: டிஸ்அக்ரீ, டிஸ்ஒபே.

நன்றாகப் படிப்பவர்களும் விழும் குழி வேறு. சில சொற்களில் பெயரடைக்கு அன் வரும். அதே சொல்லின் பெயர்ச்சொல்லுக்கு இன் வரும். அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஸ்டேபிள் - இன்ஸ்டெபிலிட்டி, அன்ஜஸ்ட் - இன்ஜஸ்டிஸ். அன் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, இன் லத்தீனிலிருந்து வந்தது. இந்தப் பெயர்ச்சொற்கள் இன் ஒட்டிக்கொண்டே வந்து சேர்ந்தவை. பட்டியலில் பெயரடையை மட்டும் அச்சடித்து விற்பதால்தான் பிள்ளைகள் ‘அன்ஈக்வாலிட்டி’ என்று எழுதுகிறார்கள். பள்ளியிலும் நாலு விடை கொடுத்து ஒன்றை வட்டமிடச் சொல்லி ஒரு மார்க் போடுகிறார்களே தவிர, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது யார்?

எழுத்துப்பிழைக் கேள்விக்கு ஒரே விதி: முன்னொட்டையும் சொல்லையும் முழுதாக ஒட்டுங்கள், எதையும் விழுங்காதீர்கள். அன்நெசசரியில் முதலில் இரண்டு என். மிஸ்ஸ்பெல்லில் இரண்டு எஸ். டிஸ்அப்பியரில் எஸ் ஒன்றுதான், இரட்டிப்பது பென் பி. காதில் ஒன்றாகத்தான் விழும். காதை நம்பி எழுதவேண்டாம்.

இன்னொன்று. தண்டையார்பேட்டை, மணலி பக்கம் போகும் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறத்தைப் பாருங்கள், ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். இன் இருக்கிறதே, தீப்பிடிக்காது என்று நினைத்தால் ஆபத்து. அது எதிர்மறை இன் அல்ல. தீமூட்டு என்ற பொருளுள்ள இன்ஃப்ளேம் என்ற வினையின் பகுதி. ஆகவே இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாதது நான்ஃப்ளேமபிள். அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் 1920-களிலேயே குழப்பம் வேண்டாமென்று ஃப்ளேமபிளைப் பரிந்துரைத்தார்கள். நம் ஊர் லாரிகளில் பழையதே ஓடுகிறது. ஃப்ளேமபிளுக்கு எதிர்ச்சொல் கேட்டு, விடைகளில் இன்ஃப்ளேமபிளும் இருந்தால் கை தானாக அங்கே போகும். எஸ்எஸ்சி முதல் கட்டத் தேர்வில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 போய்விடும்.

இப்போது செய்யவேண்டியது: கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று வாங்குங்கள். மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதையில் பழைய பதிப்பு கிடைத்தாலும் போதும், முன்னொட்டு மாறிவிடாது. அதில் பல சொற்களுக்கு அடியிலேயே எதிர்ச்சொல் போட்டிருக்கும். தினம் 6 சொல். நோட்டில் ஒரு நெடுவரிசையில் பெயரடை, அடுத்ததில் பெயர்ச்சொல், கீழே சொந்தமாக ஒரு வாக்கியம். உட்கார்ந்து படிக்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. வகுப்பேதான் வேண்டும் என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் முதலில் விசாரியுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.

‘சீட் பிடித்து வைக்க’ என்று ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது கேட்டு வாங்கி, வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் அடுத்த பேட்ச், அதற்கடுத்த பேட்ச் என்று இழுத்தடிப்பார்கள்.