தாலின், ஒருநாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாக ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். சென்ற சனிக்கிழமை காலைக் கப்பலில் எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் போய்விட்டு மாலையே திரும்பினேன். பழைய நகரம் அழகுதான். ஆனால் சினிமா செட்டுக்குள் நடப்பதுபோலவே இருந்தது. இடைக்கால உடை போட்டுக்கொண்டு உணவக வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். திரும்பும் கப்பலில் ஃபின்லாந்துக்காரர்கள் தள்ளுவண்டியில் பீர் பெட்டிகளை அடுக்கி இழுத்து வந்தார்கள், பார்க்கவே எரிச்சல். ஒரு வரலாற்றுத் தலைநகரை ஒரேநாளில் பார்த்துவிட முடியுமா? அடுத்த மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். எந்தக் கப்பல் நல்லது, இரவு தங்கவேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பீரை விடுங்கள். அங்கே விலை குறைவு, வாங்குகிறார்கள். பிழைக்கப் போன ஊரின் மனிதர்களுக்கு மதிப்பெண் போடும் வேலை நமக்கு வேண்டாம்.

‘சினிமா செட்’ என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் நகரமன்றக் கட்டடம் 1404இல் கட்டிமுடிக்கப்பட்டது. சதுக்கத்து மூலையில் இருக்கும் மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது, இன்றும் மருந்து விற்கிறது. 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் எரிந்ததுபோக மிஞ்சிய ஊர் அது. வேஷம் கட்டிய பையன் ஒருவன் வாசலில் நின்றான் என்பதற்காகக் கல்லையே பொய் என்பீர்களா? படித்த பிள்ளை, போகும் ஊரைப் பற்றி நாலு பக்கமாவது புரட்டிவிட்டுக் கப்பல் ஏறக்கூடாதா?

ஆனால் அங்கே ஏதோ ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது வீண் அல்ல. சில நாட்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய நகரின் மதிலுக்குள் பல நூற்றாண்டுகள் எஸ்டோனியர் முதலாளிகளாக இருந்ததில்லை. 1219இல் டென்மார்க் பிடித்தது. 1248இல் ஜெர்மானிய வணிக நகரமான லூபெக்கின் சட்டம் வந்தது. பிறகு ஜெர்மானிய வணிகர்களின் ஊர். மேலே ஸ்வீடன் மன்னர் போய் ரஷ்யச் சக்கரவர்த்தி வந்தாலும், உள்ளே கணக்கெழுதியவர்கள் அந்த ஜெர்மானியர்களே. எஸ்டோனியர் மூட்டை தூக்கினார்கள், கல் உடைத்தார்கள். மதிலுக்கு வெளியே கிராமங்களில் பண்ணையடிமைகள். அந்த முறை ஒழிந்ததே 1816இல்தான். அவர்கள் ரஷ்யர்களோடு கூட்டுச் சேர்ந்து நகரசபைத் தேர்தலில் ஜெர்மானியர்களைத் தோற்கடித்தது 1904இல். நீங்கள் படமெடுத்துத் தள்ளிய கட்டடங்களில் பெரும்பாலானவை, இன்று அந்த நாட்டை ஆள்பவர்களின் பாட்டன்மார் பொதி இறக்கிவிட்டுப் போன வீடுகள்.

எஸ்டோனியர் தாங்களே கட்டிக்கொண்ட இடம் வேறு. துறைமுகத்துக்குக் கிழக்கே கடலோரமாக, பிரிதா என்ற பகுதிக்குப் போகும் சாலையில் பாட்டுத் திடல் இருக்கிறது. அரைவட்டக் கூரை, எதிரே பெரிய புல்சரிவு. வேறொன்றும் இல்லை. பாட்டு விழாவை 1869இல் தார்த்து என்ற ஊரில் தொடங்கினார்கள். அடிமைத்தளை அறுந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்குமா? கோட்டை கட்டப் பணமில்லாதவர்கள் கூடிப் பாடினார்கள். லிதியா கொய்துலாவின் கவிதைக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த பாட்டு சோவியத் காலத்தில் சில ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டது. 1960 விழாவில் யாருடைய அனுமதியும் இல்லாமல் கூட்டமே அதைப் பாடியது. 1988 செப்டம்பரில் சோவியத் ஆட்சிக்கு எதிராகப் பாட அங்கே திரண்டவர்கள் லட்சக்கணக்கில். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது பதினைந்தரை லட்சம்தான்!

என்னை அங்கே கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த செப்டம்பரில் கைக்குழந்தையோடு நின்றவர். நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் கழிப்பறை வரிசையைப் பற்றிச் சொன்னார். குழந்தைக்குத் துணி மாற்ற இடமில்லாமல் யாரோ ஒருவரின் மழைக்கோட்டைப் புல்லில் விரித்தாராம். கோட்டுக்காரர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டு, தொப்பியையும் கழற்றிக் கொடுத்தாராம். சரிவின் மேலே எர்னெசாக்ஸ் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் ஒரு சிறுமி ஏறி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அம்மையார் அவளை அதட்டவில்லை. எனக்குத்தான் எடுத்துச் சொன்னார், அந்தச் சிலையின் மடி வழுக்கும் என்று.

அப்பா அம்மாவை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். பிரிதா பேருந்து நிற்கும். மதிய வெயிலில் புல்லில் உட்காரட்டும். பிறகு நேரமிருந்தால் பழைய நகரம். பழைய நகரின் தூம்பெயா என்ற மேட்டுக்குக் குறுக்குப் படிவழி வேண்டாம், அவர்கள் முழங்காலுக்கு நீளவழியே நல்லது. தரையெல்லாம் கற்கள், செருப்பு ஆகாது.

கப்பலா? பெரும்பாலானவை ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் போய்விடும். அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைக்கிற கப்பலில் ஏறுங்கள்.